குவிமாடத்துக் கதவு

எர்சிலியா காஸ்தியோ எங்கள் மலை வானாய்வு நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகள் இரவு வேலை பார்த்தார். நான் பகல் வேலைக்காரன். தொலைநோக்கியின் கண்ணாடியும் குவிமாடத்தின் இயந்திரங்களும் என் பொறுப்பு. மாலையில் நான் இறங்குவதற்கும் அவர் ஏறுவதற்கும் இடையில் அரை மணி நேரம் எங்களுக்குப் பொதுவாக இருந்தது. அவரைப் பற்றி நான் அறிந்தவை அந்த அரை மணி நேரங்களில் கேட்டவையும், அவர் எழுதிய இரவுக் குறிப்பேட்டில் படித்தவையுமே.

எட்டு இரவுகள் மேலே, ஆறு இரவுகள் கீழே என்பது எங்கள் முறை. கீழே விகுன்யா ஊரில் அவருக்கு வீடு உண்டு. மகன் அந்தோஃபகஸ்தாவில் சுரங்க வேலைக்குப் போனபின், வெயில் புகாதபடி சன்னல்களில் வெள்ளித்தாள் ஒட்டி, அங்கும் பகலில்தான் தூங்கினார். மேலே, சூரியன் விழுமுன் குவிமாடத்தைத் திறந்து பகற்சூட்டை வெளியேற்றுவார். வெளி நடைபாதையைச் சுற்றிவந்து கடல் பக்கம் மேகம் படர்கிறதா என்று பார்ப்பார். காற்று, ஈரம், மேகம், கூர்மை ஆகிய நான்கையும் அரை மணிக்கு ஒருமுறை குறிப்பார். நட்சத்திரப் புள்ளி எவ்வளவு பரந்து தெரிகிறது என்பதே கூர்மை. எண் சிறுத்தால் படம் நன்றாக இருக்கும். இன்றைய வானம் யாருடைய வேலைக்குப் போதும் என்று தீர்மானிப்பதும், விடியும்போது எடுத்த படங்களுக்கு ஏ, பி, சி என்று தரம் போடுவதும் அவர் வேலை.

முன்பு, குளிருக்குக் கணப்பு வைத்த கட்டுப்பாட்டு அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டாவதில் காஸ்தோன் என்ற இளம் வானியலாளன் உட்காருவான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த நாற்காலியை லா செரெனாவிலுள்ள அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப்பின் அவன் ஒலிபெருக்கிக் குரலாக மட்டும் வந்தான். தேநீர் நேரத்தில், அவரை ‘தோன்யா’ என்று மரியாதையாக அழைத்து, சமையலறைப் படிக்கு வழக்கமாக வரும் நரியைப் பற்றி விசாரிப்பான்.

“நரி வந்துச்சா, தோன்யா?”

“வந்துச்சு. உன்னைக் கேட்டுச்சு.”

அவ்வளவுதான். பிறகு மணிக்கணக்கில் எண்களைத் தவிர வேறு பேச்சு இராது.

அந்த ஆண்டு மே மாதத்தில், கட்டுப்பாட்டு அறைக்கும் குவிமாடத்துக்கும் நடுவிலிருக்கும் கதவின் காலடியில் ஒரு கருங்கல்லைப் பார்த்தேன். யாரோ சாமான் நகர்த்தியிருப்பார்கள் என்று எண்ணி, கல்லை ஓரமாகத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறுநாளும் கல் அதே இடத்தில் இருந்தது, மறுபடியும் தள்ளினேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூனில் கொன்செப்சியோனிலிருந்து தமாரிஸ் உயோவா என்ற ஆராய்ச்சி மாணவியின் வேலை வந்தது. மங்கலான இரண்டு விண்மீன் மண்டலங்களைப் பதினொரு மணி நேரம் படமெடுக்க வேண்டும். கூர்மை எண் 0.7-ஐத் தாண்டக்கூடாது. நான்கு இரவுகள் எடுத்தார்கள். வெளியே நின்று வானத்தின் கூர்மையை அளக்கும் கோபுரம் 0.6 என்றது, படங்களோ 0.9 என்றன. நான்கு இரவுகளும் சி. காரணம் மட்டும் எழுதப்படவில்லை. எங்கள் மலையின் விதிப்படி, வானம் கெடுத்தால் நேரம் கேட்டவருக்கு நட்டம்; வீடு கெடுத்தால் நேரத்தை வீடு திருப்பித் தரும். தொலைநோக்கியையும் அதன் கட்டடத்தையும் சேர்த்து ‘வீடு’ என்போம்.

வானம் என்று எழுதிவிடலாம் என்றான் காஸ்தோன். எர்சிலியா என்னை வீட்டைச் சோதிக்கச் சொன்னார். இரண்டு பகல்கள் இரண்டு ஆட்களோடு கண்ணாடியின் குளிர்ச்சி, பக்கவாட்டுத் திறப்புகள், விசிறிகள் எல்லாவற்றையும் பார்த்தேன். வழக்கம்போல் கல்லைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

“அப்ப குத்தம் வானத்து மேலதானா?” என்று மாலையில் கேட்டார்.

“பின்ன? ராத்திரி அங்க வேற யாரு இருக்கா?” என்றேன்.

அன்றிரவு காற்று பலமாக அடித்தது. வேறொருவருடைய படம் ஓடிக்கொண்டிருந்தது. கடல் மேகத்தைப் பார்க்க அவர் நடைபாதைக்குப் போயிருந்தபோது, காற்று கல்லை நகர்த்திக் கதவைச் சாத்திவிட்டது. இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பினார். படம் 0.62 ஆகியிருந்தது. கதவைத் திறந்தார், சிறிது நேரத்தில் 0.85. சாத்தினார், 0.61. மூன்று முறை இப்படிச் செய்து, மூன்று முறையும் நேரத்தைக் குறித்திருக்கிறார். அதன்பின் குறிப்பேட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் வேறெங்கும் அப்படி ஒரு வெற்றிடத்தை நான் பார்த்ததில்லை.

மலையில் இரவு ஆள் தேவையா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. முடிவு ஜூலையில் வருமென்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அன்று நடந்த பேச்சைக் காஸ்தோன் பின்னொருநாள் என்னிடம் சொன்னான்.

“கதவைச் சாத்திட்டு சும்மா இருங்க. வானம்னு எழுதினா யாருக்குத் தெரியப்போகுது?”

“அந்தப் பொண்ணுக்குப் பதினொரு மணி நேரம் போயிடும்.”

“அவளை நீங்க பார்த்ததுகூட இல்லையே, தோன்யா.”

“நீ என்னைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு.”

விடியற்காலையில் அவர் எழுதியது இது: ‘நான்கு இரவுகள், சி. காரணம்: வீடு. கட்டுப்பாட்டு அறையின் கணப்புச் சூடு, திறந்த கதவு வழியே குவிமாடத்துக்குள் சென்றது. கதவைத் திறந்து வைத்தது நான்.’

மாலையில், ஏன் திறந்து வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றாமலே பதில் சொன்னார்.

“கதவு திறந்திருந்தா குவிமாடம் திரும்புற சத்தம் கேக்கும். பக்கத்து ரூம்ல யாரோ நாற்காலிய நகத்துற மாதிரி இருக்கும்.”

சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மாணவிக்குப் பதினொரு மணி நேரமும் திரும்பக் கிடைத்தது. ஜூலையில், சாத்திய கதவுக்கு இப்பால் உட்கார்ந்து எர்சிலியா எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார். எல்லாம் ஏ. அதே மாதம் மேலிடத்துக் கடிதமும் வந்தது: செப்டம்பர் முதல் இரவில் மலையில் ஆள் இருக்கமாட்டார், தற்போதைய பணியாளருக்கு லா செரெனா அலுவலகத்தில் பகல் வேலை. காரணங்களில் மூன்றாவதாக, மனிதர்கள் தங்கும் அறையின் சூடு படங்களைப் பாதிப்பது தெரியவந்துள்ளது என்று எழுதியிருந்தார்கள். சில நாள் கழித்து மாணவியின் கடிதம். காஸ்தோன் அதை ஒலிபெருக்கியில் படித்துக் காட்டினானாம். ‘இரவுக் குழுவினர் அனைவருக்கும் என் நன்றி’ என்று முடிந்திருந்தது.

ஆகஸ்டு முப்பத்தொன்று அவருடைய கடைசி இரவு. மறுநாள் காலை நான் ஏறியபோது அவருடைய வண்டி போய்விட்டிருந்தது. கணப்பின் மின்கம்பி பிடுங்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நாற்காலியின் மேல் மூன்று கம்பளிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்த இரவு மட்டும் அரை மணிக்கு ஒருமுறை ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘அறை வெப்பம், இரண்டு பாகை. குவிமாடம், இரண்டு பாகை.’ இரவு முழுவதும் அப்படியே. கூர்மை 0.58. தரம் ஏ.

கதவு திறந்திருந்தது. கல் அதன் காலடியில் இருந்தது. அன்று நான் அதைத் தள்ளவில்லை.