ஜெயிக்காத பையனுக்கு முதல் பரிசு

போன சனிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழா. நான் சிறப்பு விருந்தினர். மேடை, மைக், பொன்னாடை என்றாலே எனக்கு அலர்ஜி என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் தலைப்பைச் சொன்னதும் சபலப்பட்டுவிட்டேன் - 'தோல்வியைத் தாங்கும் பிள்ளைகள்'. விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கினேன்.

பேசினேன். பிள்ளைகளைத் தோற்க விடுங்கள், விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள், அவர்களே எழட்டும்... முன்வரிசையில் ஒரு அப்பா தலையை ஆட்டிக்கொண்டே செல்போனில் படம் பிடித்தார். கைதட்டலிலும் அவர்தான் முதல். ஊரில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறாராம். அட, ஒருத்தருக்காவது உறைத்ததே என்று எனக்கு உள்ளூர குஷி.

அந்தக் குஷி நான் கீழே இறங்கும்வரைகூட நிலைக்கவில்லை. ஜவுளிக்கடைப் பை ஒன்றோடு மேடைப் படியிலேயே நின்றார் சிமெண்ட் கடைக்காரர். பைக்குள் பளபளவென்று ஒரு கப்பு. அதில் அவர் பையன் பெயரும், கீழே 'முதல் பரிசு' என்றும் பொறித்திருந்தது. பந்தயம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

"பையன் மூணாவது படிக்கிறான் மேடம். சாக்கு ரேஸ்ல ஓடறான். ஒருவேள தோத்துட்டான்னா இத உங்க கையால குடுத்துடுங்க. ரொம்ப சென்சிட்டிவ்... மனசு ஒடஞ்சிடுவான்" என்றார்.

முடியாது என்றேன். இவ்வளவு நேரம் தொண்டை வறள எதைப் பற்றிப் பேசினேன் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டேன். அருமையான பேச்சு மேடம் என்றார். பையை எடுத்துக்கொண்டு நேராகத் தாளாளரிடம் போய்விட்டார்.

இந்த வியாதி இவர் ஒருவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் காலனியில் ஓர் அம்மா, பரமபத அட்டையில் இருக்கிற பாம்புகள் மேலெல்லாம் பூ ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கிறார். ஏணி மட்டும்தான்! கீழே இறங்கினால் குழந்தைக்கு முகம் வாடிவிடுகிறதாம். வாடட்டுமே... அப்புறம் நிமிராதா என்ன? நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில், வாழப்போகிற வீட்டில் எந்த அம்மா வந்து ஸ்டிக்கர் ஒட்டுவார்? பிள்ளைகளுக்குத் தோல்வியைத் தாங்கும் தெம்பு இருக்கத்தான் செய்கிறது. பெற்றவர்களுக்குத்தான் அதைப் பக்கத்தில் நின்று பார்க்கத் தெம்பில்லை.

சரி, பந்தயத்துக்கு வருவோம். மல்லாட்டை - எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை அப்படித்தான் சொல்வோம் - மூட்டை கட்டுகிற சாக்கு. பொடிசுகள் அதற்குள் இறங்கி, இடுப்புவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தத்தின. சிமெண்ட் கடைக்காரரின் மகன் கொஞ்ச தூரத்திலேயே குப்புற விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். மற்றவர்களெல்லாம் ஓடி முடித்துத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள்; இவன் இன்னும் தத்திக்கொண்டிருந்தான். கடைசியில் சாக்கோடு உருண்டே கோட்டைத் தொட்டான். கூட்டம் சிரித்தது. அவன் அதைவிட அதிகமாகச் சிரித்தான். தலையெல்லாம் மல்லாட்டைத் தோல். கூட்டாளிகள் சூழ்ந்துகொண்டு முதுகில் தட்டினார்கள். சிராய்த்த முட்டியை ஒவ்வொருத்தனுக்கும் பெருமையாகக் காட்டிவிட்டு என்னிடமும் வந்தான்.

"மிஸ், நான்தான் கடைசி. உருண்டுக்கினே வந்தேன், பாத்தீங்களா?"

பார்த்தேன் கண்ணு என்றேன். அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பரிசளிப்பு ஆரம்பித்தது. ஜெயித்தவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கொடுத்து முடித்தேன். அதன் பிறகு மைக்கில் இவன் பெயரைக் கூப்பிட்டார்கள். 'சிறப்பு முதல் பரிசு' என்றார்கள். முதல் பரிசு தெரியும்... அதென்ன சிறப்பு முதல்? தாளாளர் கப்பை என் கையில் திணிக்கப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவரே பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கொடுத்தார். கடைசியாக வந்தவன் கையில், அவனில் பாதி உயரத்துக்குக் கப்பு!

பையன் அதில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான். முகம் சுண்டிப்போயிற்று. "சார், நான் ஜெயிக்கலயே" என்றான். தாளாளர் ஃபோட்டோவுக்குத் திரும்பச் சொன்னார். கீழே ஒருத்தன் 'சீட்டிங்கு' என்று ஆரம்பிக்க, சற்று முன் முதுகில் தட்டிய அத்தனை கூட்டாளிகளும் சேர்ந்து கத்தினார்கள். அவன் கப்பை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். முடியவில்லை. மேடையிலேயே விம்மி விம்மி அழ ஆரம்பித்தான்.

அப்பா ஓடி வந்து மகனைத் தூக்கிக்கொண்டார்.

"தோத்தத நெனச்சிக்கினு எப்பிடி அழறான் பாத்தீங்களா மேடம்? இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்றார்.

நான் விடவில்லை. தோற்றபோது சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையை நீங்கள்தான் அழவைத்தீர்கள், இந்தக் கப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் கிளம்புங்கள், அவனைக் கூட்டாளிகளோடு விடுங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. விவரம் தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"நீங்க பேசனது கரெக்டு மேடம். ஆனா அதெல்லாம் ஊரான் புள்ளைங்களுக்கு. இது எம் புள்ள."

நல்லவேளை... ஊரான் பிள்ளைகளாவது தப்பித்தார்கள்!