ரீஹேபிலிடேஷனை எங்கே வெட்டுவது?

போன மாதம் ஓர் ஆங்கிலச் சொல் என் உயிரை வாங்கிவிட்டது. நம்புங்கள்... ஒரே ஒரு சொல்!

புதுக்கோட்டையில் நான் டைப் அடிக்கும் அலுவலகத்துக்கு மீமிசலிலிருந்து காதர் பாய் வந்திருந்தார். புயலில் அவருடைய வள்ளம் நொறுங்கிவிட்டது. புது வள்ளத்துக்கு உதவி கேட்டு மெட்ராஸுக்கு எங்கள் சிபாரிசுக் கடிதம் போக வேண்டும். அன்றைய தபாலை விட்டால் கெடு தாண்டிவிடும்.

அடித்தேன். ஒரு வரியின் கடைசியில் 'ரீஹேபிலிடேஷன்' வந்து நின்றது. மறுவாழ்வுக்குச் சர்க்கார் வைத்திருக்கும் பெயர்! முழுதாக இடமில்லை. கோடு போட்டு, 'டேஷன்' மட்டும் அடுத்த வரிக்கு.

அதிகாரி முகம் சுளித்தார். 'ரீ' தனி உறுப்பாம், 'மறுபடி' என்று பொருளாம். அங்கேதான் வெட்ட வேண்டுமாம். சரி. கார்பன் வைத்து நான்கு பிரதி, புதிதாக.

ஹெட் கிளார்க் விடுவாரா? வரி ஓரத்தில் இரண்டே இரண்டு இங்கிலீஷ் எழுத்தைத் தொங்கவிடக் கூடாதாம். குரல் அழுந்துவது 'டே'யில், அதற்கு முன்னால்தான் பிரியுமாம். அதாவது — முதலில் நான் அடித்தது போலவே! மறுபடி நான்கு பிரதி. மறுபடி அதிகாரி.

டிக்‌ஷனரி வந்தது. அதுவோ அசை அசையாகப் பிரித்து, ஐந்து இடத்தில் வெட்டலாம் என்றது. இன்னும் மும்முரமானார்கள்.

பெஞ்சிலிருந்த பாய் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, ஏதும் கொறையா?"

"ஒண்ணுமில்லை பாய். எங்கிட்டு வெட்டுறதுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. "எம்பேரை வெட்டிறாதீங்கம்மா. ஊட்ல ஆறு பேரு இருக்கோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரையும் கேட்கவில்லை. சொல்லை முழுதாக அடுத்த வரியில் இறக்கி, நான்காம் முறை அடித்து நீட்டினேன். வெட்ட இடமில்லாததால் கையெழுத்து விழுந்தது.

அதற்குள் தபால் போய்விட்டிருந்தது! பாயைக் கூட்டிக்கொண்டு ஜட்காவில் ஸ்டேஷனுக்கு ஓடி, ரயிலின் தபால் பெட்டியில் நானே போட்டேன். ரயில் நகரும்வரை பாய் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை புது வள்ளத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. பாய் என் மேஜைக்கு வந்து, "அன்னைக்கு நம்மளாலதான் ஒங்களுக்கு அம்புட்டு செரமம். மனசுல வச்சிக்கிறாதீங்கம்மா" என்றார்.

மன்னிப்புக் கேட்டது அவர்! கேட்டிருக்க வேண்டியவர்கள் இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே காரசாரமாகச் சண்டை...

'கோஆபரேஷன்' எங்கே பிரியும் என்று.