டீச்சர் இறங்கியதும் நின்ற சத்தம்

காரில் ஏறியதும் கணக்கு டீச்சர் முதலில் செய்யும் காரியம், கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுவதுதான். பிறகு கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் சாப்பாட்டுக் கூடையை வைத்து, கூடையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "போலாங்க சார்" என்பார். ஏசி போட்டால் அவருக்குக் குமட்டும். பாட்டுப் போட்டால் தலை வலிக்கும். கொஞ்சம் வேகம் பிடித்தால் வாய்க்குள்ளேயே முருகா முருகா என்பார். செட்டிகுளத்து மலை மேல் இருப்பவர் அரியலூர் ரோடு முழுக்க எங்களுக்குத் துணை வர வேண்டியிருக்கும். டீச்சர் பக்கத்தில் இருந்தால் வண்டி, மாட்டு வண்டிக்குக் கொஞ்சம் மேல், டவுன் பஸ்ஸுக்குக் கொஞ்சம் கீழ் என்ற வேகத்தில்தான் போகும்.

நாங்கள் நான்கு பேர். பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு, அரியலூரைத் தாண்டி ஓர் அரசுப் பள்ளிக்குத் தினம் போய் வந்தவர்கள். கார் என்னுடையது. எனக்கு முன்பே இரண்டு பேரைப் பார்த்த வண்டி. வரலாறு நடத்துகிறவனுக்கு ஏற்ற வயதுதான் என்பார் தமிழ் ஐயா. அவரும் பி.டி. சாரும் பின்சீட். முன்சீட் டீச்சருக்கு. லேடீஸ் என்றால் முன்சீட் என்பது வாத்தியார்கள் சேர்ந்து போகும் கார்களில் எழுதாத சட்டம். டீச்சர் நல்ல கனத்த உடம்பு. முழங்கால் வலி வேறு இருந்ததால் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவார். ஒருவருடைய உடம்பைப் பற்றி இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லாமல் முடியாது.

ஐப்பசி மழையில் சாலை முழுக்கப் பள்ளம் விழுந்திருந்த சமயம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அந்தப் பள்ளங்களை இன்னும் ஆழமாக்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலை டீச்சர்தான் முதலில் சொன்னார். "சார், என் காலுக்குக் கீழ டொக்கு டொக்குன்னு ஏதோ அடிக்குதே, கேக்குதுங்களா?" கேட்டது. இடது முன் சக்கரத்துப் பக்கம், சின்னப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், மரப்பெட்டியை யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல. நான் பதில் சொல்வதற்குள் பின்சீட்டிலிருந்து பி.டி. சார் சொன்னார்: "டீச்சர், வண்டி பாவம், உங்களத் தூக்க முடியாம அழுவுது." தமிழ் ஐயா சிரித்தார். நானும் சிரித்தேன். டீச்சரும் சிரித்தார். அவரே சிரித்துவிட்டார் என்பதைத்தான் நாங்கள் ரொம்ப நாள் எங்களுக்கு அனுமதிச் சீட்டாக வைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் டீச்சர் இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளும் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் அவர் வந்து ஏறினார், சத்தமும் வந்து ஏறிக்கொண்டது. பி.டி. சாருக்குக் கொண்டாட்டம். ஸ்டாஃப் ரூமில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதை எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். அதோடு விட்டிருந்தால் பழி அவரோடு போயிருக்கும். யாரோ என்னைப் பார்த்து, "நெசமாவா சார்?" என்று கேட்டபோது, காருக்குச் சொந்தக்காரன் என்ற பெருமையோடு நான் சொன்னேன்: "டீச்சர் வராத ரெண்டு நாளும் சத்தம் இல்ல. வந்தாங்க, வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சாட்சியை எத்தனை பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். டீச்சர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

பேச்சு ஸ்டாஃப் ரூமோடு நிற்கவில்லை. மைதானத்துக்குப் போய், அங்கிருந்து வகுப்புகளுக்குள் போய்விட்டது. ஒரு நாள் டீச்சர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். மேலே வராந்தாவில் நின்ற ப்ளஸ் ஒன் பையன்களில் எவனோ, அவர் ஒவ்வொரு படி ஏறும்போதும் பெஞ்சில் தட்டினான். டொக். அடுத்த படி. டொக். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். மேலே ஓடிப்போய் அவனைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் இது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வேண்டியிருக்கும். நான் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு என் வகுப்புக்குப் போய்விட்டேன். டீச்சர் நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போன் செய்தார். "சார், நாளையிலேருந்து நான் பஸ்லயே வந்துக்கறேங்க. எங்க தெருவுக்குள்ள வந்து திரும்பறது உங்களுக்கும் சுத்து." அது சுற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் ஒரு முறை, மரியாதைக்கு ஒரே ஒரு முறை, "அதெல்லாம் இல்லீங்க டீச்சர், வாங்க" என்றேன். "இல்லீங்க சார், இருக்கட்டும்" என்றார். போனை வைத்தபோது எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. மறுநாளிலிருந்து தமிழ் ஐயா முன்சீட்டுக்கு வந்தார். ஏசி போட்டோம், பாட்டுப் போட்டோம். இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சத்தம் சுத்தமாக நின்றுபோனது. டீச்சர் இரண்டு பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து அந்த முழங்காலோடு நடந்து வந்தார். சில நாள் பிரேயர் பெல் அடித்த பிறகுதான் கேட்டுக்குள் நுழைவார். ஹெச்.எம். இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆயில் மாற்ற ஒரு சனிக்கிழமை காரை மெக்கானிக் பாயிடம் விட்டேன். லெப்பைக்குடிகாட்டுக்காரர். வளைகுடாவில் பல வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்து, பெரம்பலூரில் சொந்தமாகக் கொட்டகை போட்டிருந்தார். வேறு கோளாறு உண்டா என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு சத்தம் இருந்துச்சு பாய். ஆளு எறங்கினாங்க, சத்தமும் எறங்கிடுச்சு" என்று முழுக் கதையையும் சொன்னேன். கதை கேட்டவர்களில் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். "சத்தம் நின்னுச்சுன்னா கோளாறு போயிடுச்சுன்னு யார் சார் சொன்னது?" என்றார்.

காரை ஜாக்கியில் தூக்கி இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். கடப்பாரை போன்ற கம்பியை உள்ளே விட்டு நெம்பினார். எதுவும் அசையவில்லை. சரி, பாரம் வைத்துப் பார்ப்போம் என்று, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து இரண்டு மூட்டை சிமெண்ட் கடன் கேட்டு வாங்கி வந்து முன்சீட்டில் அடுக்கினார். எங்கள் பக்கத்தில் எதற்கும் சுலபமாகக் கிடைக்கும் பாரம் அதுதான். அவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எப்பவும் போல ஓட்டுங்க சார்" என்றார். எப்பவும் போல ஓட்டினேன். ரோட்டில் பள்ளமும் மேடுமாக ஒரு சுற்றுப் போய் வந்தோம். சத்தம் இல்லை. டீச்சர் எடைக்குக் குறையாத பாரம் பக்கத்தில் இருந்தும் இல்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் பாய் கேட்டார்: "டீச்சர் கூட இருந்தப்பவும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"இல்ல பாய். அவங்களுக்கு ஏசி ஆவாது. கண்ணாடிய எறக்கிடுவாங்க. பாட்டு கூடாது. முப்பதத் தாண்டுனா பயம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். பாய் கதவைத் திறந்து சிமெண்ட் மூட்டைகளை இறக்கினார். முன்சீட்டைத் துணியால் துடைத்தார். இடது கண்ணாடியை முழுக்க இறக்கினார். ஏசியை அணைத்தார், பாட்டை அணைத்தார். "மெதுவாப் போங்க" என்றார். சீட் காலியாக இருந்தது. முதல் பள்ளத்தில் இறங்கியதும் கேட்டது. டொக். அடுத்த பள்ளம். டொக். இத்தனை நாளும் அது அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேகமாகப் போனவர்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காரைக் குழிக்கு மேல் நிறுத்தச் சொன்னார். சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் இது பிடிபடும் என்றார். கீழே இறங்கி, கையை உள்ளே கொடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னார். பிறகு அவருடைய ஆள் ஒருவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு என்னைக் குழிக்குள் கூப்பிட்டார். "கைய வைங்க சார், இங்க." சக்கரத்தையும் கீழ்க் கம்பியையும் சேர்க்கும் மூட்டு. பால் ஜாயிண்ட் என்றார். ஸ்டியரிங் திரும்பியபோது என் உள்ளங்கையில் அந்த டொக் இடித்தது. மூட்டைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்து, மழைத்தண்ணீரும் சுண்ணாம்புத் தூளும் உள்ளே போய், மூட்டுக்குள் இருந்த இரும்புக் குண்டை அரித்துத் தின்றிருந்தன. "கழண்டுச்சுன்னா சக்கரம் படுத்துரும் சார். லாரி வர்ற ரோட்டுல அல்லாதான் காப்பாத்தணும். அந்த டீச்சரம்மா இருந்த வரைக்கும் உங்களுக்கு எச்சரிக்கை இருந்துச்சு" என்றார்.

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். முழங்காலில் சுடுதண்ணீர்ப் பை. காப்பி கொடுத்தார். நான் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிமெண்ட் மூட்டையையும் சொன்னேன். "தப்பு எங்க மேலதாங்க டீச்சர். சத்தத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல" என்று முடித்தேன். மன்னித்துவிட்டேன் என்பார், அல்லது கண் கலங்குவார், அல்லது திங்கட்கிழமை காரில் வருகிறேன் என்பார் என்று ஏதேதோ எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் சிவப்புப் பேனாவின் மூடியைப் போட்டார்.

"இத எங்கிட்ட ஏங்க சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. ஒரு வண்டி என் ஒருத்திக்காக அழுவாதுன்னு எனக்குத் தெரியாதா? ஸ்டாஃப் ரூம்ல சொன்னீங்கள்ல, சாட்சின்னு. அங்க சொல்லுங்க."

திங்கட்கிழமை சொல்லத்தான் போனேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருந்தார்கள், டீச்சரும் இருந்தார். பி.டி. சாரே எடுத்துக் கொடுத்தார்: "வண்டி பாய்கிட்டப் போச்சாமே, என்னாச்சு சார்?" சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான், "ஒரு ஜாயிண்ட் தேஞ்சிருந்துச்சு, மாத்தியாச்சு" என்றேன். பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய பாதியை விழுங்கிவிட்டேன். இத்தனை பேருக்கு முன்னால் என்னை நானே முட்டாளாக்கிக்கொள்ள மனம் வரவில்லை. டீச்சர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, மோர்ச் சாதத்தைப் பிசைந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அரையாண்டு முடியட்டும் என்று நினைத்தேன். கோடை கவுன்சிலிங்கில் அவர் திருமானூர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டார். பிரிவு விழாவில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் அவர் கொடுத்த தேர்ச்சியைப் பற்றி நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள்.

இப்போதும் அதே ரோட்டில்தான் போய் வருகிறேன், இடது கண்ணாடியை இறக்கிவிட்டு. தமிழ் ஐயாவுக்குப் புழுதி ஆகாது, முணுமுணுப்பார். சென்ற மாதம் ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் பேச்சு கார் ரிப்பேர் பக்கம் திரும்பியது. எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து நின்றேன். முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். ஏசி, பாட்டு, காலியான சீட், மாடிப்படியில் நான் பார்த்துவிட்டுப் போனது, திங்கட்கிழமை நான் விழுங்கியது, எல்லாவற்றையும். இந்த வருஷம் புதிதாக வந்திருந்த இங்கிலீஷ் டீச்சர், உண்மையான அக்கறையோடு கேட்டார்: "பாவம் சார். எந்த டீச்சர் அது?"

நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பி.டி. சார் முந்திக்கொண்டார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு விலாசத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"அதாம்மா, நம்ம டொக்கு டீச்சர்."

"ஓ, அவங்களா!" என்றார் இங்கிலீஷ் டீச்சர். "பசங்க சொல்லுவாங்க."