மேற்கே பார்க்காத வண்டி

நம் நெடுஞ்சாலைகள் ஆம்பளைகளுக்காகப் போட்டவை. எவனும் எங்கேயும் வண்டியை நிறுத்திவிட்டுப் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ளலாம். பொம்பளை என்ன செய்வாள்? கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவிக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போனது. ஒருமுறை பஸ்ஸில் கெஞ்சிக் கேட்டும் டிரைவர் நிறுத்தவில்லை. நனைந்த புடவையோடு இறங்கியவள், அப்புறம் திருச்சியைத் தாண்டவே இல்லை. உள்ளூரில் எங்காவது கிளம்பினாலும் முந்தின நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். கடையநல்லூரில் இருக்கும் அவள் அக்கா வாக்கர் இல்லாமல் நடக்க முடியாதவர். இருவரும் போனில் பேசுவார்கள், அழுவார்கள், வைத்துவிடுவார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரியும்.

சவூதியில் டிரெய்லர் ஓட்டினவன் நான். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கினவன். இவளுக்கு நானே ஒரு வண்டி கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஸ்ரீரங்கத்தில் கோயில் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தது. பின்கண்ணாடி முழுக்கப் பெரிய நாமம்.

"சுரண்டித் தந்துடட்டுமா பாய்?" என்றார் விற்றவர்.

"வேணாம், கண்ணாடி கீறிடும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு பக்கம் கட்டில், கதவோரம் கேஸ் அடுப்பு, பின்னால் பலகைத் தடுப்பு வைத்து ஒரு கழிவறை, அதற்கு அடியில் தொட்டி. மனைவி ஆட்டோவில் வந்து பார்த்தாள்.

"சோறும் அதுவும் ஒரே டப்பாவுலயா? நல்லா இருக்குங்க உங்க குடித்தனம்."

"நடுவுல பலகை இருக்குல்ல?"

"என்னமோ போங்க. கோப்பைய மேக்கப் பாக்க வச்சிடாதீங்க."

தொழும் திசை எங்களுக்கு மேற்கு. அந்தப் பக்கம் முகமோ முதுகோ காட்டி உட்காரக் கூடாது. எங்கள் வீடுகளில் கழிவறையை வடக்கு தெற்காகத்தான் கட்டுவோம்.

பட்டறையில் வேன் மேற்கே மூக்கை நீட்டி நின்றிருந்தது. ஃபிட்டர் வெயிலைப் பார்த்தார். நான் பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தேன். அவள் கையை நீட்டிக் காட்டினாள். வண்டியின் வலப்பக்கம், அதாவது வடக்கே பார்க்கும்படி கோப்பையை வைத்து போல்ட் போட்டு முடுக்கினோம். மூன்று பேருக்கும் திருப்தி. வண்டி என்றால் திரும்பும் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

கடையநல்லூருக்குக் கிளம்பினோம். மதுரை ரோடு தெற்கே போகிறது. துவரங்குறிச்சி தாண்டியதும் "நிறுத்துங்க" என்றாள். ஓரங்கட்டினேன். தடுப்புக்குள் போனவள் போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"மேக்கப் பாக்குதுங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நாலு சுவத்துக்குள்ள பரவால்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிருக்காரு!"

"ஹஜ்ரத்தா வந்து உக்காரப் போறாரு?" என்றவள், கட்டிலில் உட்கார்ந்து காலை இறுக்கிக்கொண்டாள். "வேணாங்க. திருப்புங்க, வீட்டுக்கே போயிடலாம். எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்."

கல்யாண வீடு, மௌத்து வீடு என்று யார் கூப்பிட்டாலும் இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்த வந்தவன், சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். உள்ளே விட்டு, வேனை மேற்கே பார்க்கத் திருப்பி, வழியை அடைத்துக்கொண்டு குறுக்கே நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"யோவ் நாமம்! எடத்த வெலைக்கு வாங்கிட்டியா?"

இறங்கினேன். "உள்ள பொம்பள இருக்கு, உடம்பு சரியில்ல. அஞ்சு நிமிஷம் ஆவும். அவசரம்னா மேல ஏத்திட்டுப் போ."

அவர் என் தாடியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், கண்ணாடியில் இருந்த நாமத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, எஞ்சினை அணைத்தார்.

"மெதுவா வரட்டும் பாய்."

அதற்கப்புறம் நிழலைப் பார்த்து அவளே வழி சொன்னாள். "அந்தக் காலி மனை இருக்கு பாருங்க, அங்க ஒடிச்சுத் திருப்புங்க." எங்கெங்கோ குறுக்கே நின்றோம். ஏச்சு வாங்கினேன், திருப்பியும் கொடுத்தேன். ராஜபாளையத்தில் டீ வேண்டும் என்றாள். பயணத்தில் அவள் டீ கேட்டு நான் பார்த்ததே இல்லை. இரண்டு டீ குடித்தாள்.

கடையநல்லூரில் அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுது முடிக்கும்வரை நான் டயரை உதைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா வாக்கரை ஊன்றி வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, இது எந்தப் பக்கம் பாக்குது?"

"அது நிறுத்துறதப் பொறுத்து லாத்தா" என்றாள்.

அந்தத் தெரு கிழக்கு மேற்காகப் போகிற தெரு. வண்டி நேராகவே நின்றது.