எஞ்சின் படியில் வைத்த சோறு

எட்டு வயதில் நான் ஒரு காகத்தைக் கலைத்தேன். அதைப் பெரிய வீரச்செயல் என்று நினைத்து, சுவிஸில் பேர்ண் நகரப் பள்ளிக்கூடத்தில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் அரைகுறைப் பாஷையில் சொல்லித் திரிந்தேன். இன்றைக்கு அந்தக் காகம் கண்ணில் பட்டால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அப்பா ஓர் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவினார். அந்த மாசியில் ஊரில் அப்பாவின் தகப்பனார், என் அப்பப்பா, இறந்துபோனார். அகதி விண்ணப்பம் போட்டவர் ஊருக்குப் போனால் திரும்பி வர ஏலாது; அப்பா கொள்ளி வைக்கக்கூடப் போகவில்லை. எனக்கு இது ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாஷை பிடிபடாமல் அழுதுகொண்டிருந்த பிள்ளைக்கு இதையும் சொல்லவேண்டாம் என்று அப்பாவும் அம்மாவும் முடிவெடுத்திருந்தார்கள்.

அப்பப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று, ஓய்வுபெற்ற அந்த மனிதர் தன் பழைய பச்சைக்கொடியைக் கொண்டுவந்து எனக்காக ஆட்டினார். அவரை நினைத்து நான் ஏங்காத நாளில்லை. மாதம் ஒரு கடிதம் எழுதி அப்பாவிடம் கொடுப்பேன். சில மாதமாகப் பதில் வராததற்குத் தபால்காரரைத் திட்டுவேன்.

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் விரதமிருந்து, ஊரிலுள்ள கீரிமலைக் கேணியில் முழுகி, காகத்துக்குச் சோறு வைத்து அது தின்ற பிறகுதான் தாங்கள் சாப்பிடுவார்கள். சுவிஸில் கீரிமலைக்கு எங்கே போவது? சமையலறைச் சுவர்க் கலண்டரில் அமாவாசைக்குப் போட்டிருந்த கறுப்பு வட்டத்தைக் கண்டுபிடித்து, அப்பா அன்றைக்கு லீவு எடுத்தார். அந்த விரதத்துக்குக் கசக்கிற காத்தோட்டிக்காய்ப் பொரியல் இல்லாமல் முடியாது; அந்தக் காய் இங்கே கிடையாது. அம்மா கடையிலிருந்த கசப்புக் கீரைகளையெல்லாம் நுள்ளி வாயில் வைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொரித்தார். மூவரும் ரயிலேறினோம். எனக்கு அது சுற்றுலா.

இறங்கிய இடத்தில் ஒரு பூங்கா. முற்காலத்தில் நீராவி ரயில்கள் மலையேறுமுன் நின்று தண்ணீர் நிரப்பிய இடமாம். பாறைக்கடியில் அந்த ஊற்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளம் கொஞ்சத் தூரத்துக்குத்தான் மிஞ்சியிருந்தது. அதன்மேல் ஒரு கறுப்பு எஞ்சின் நின்றது. அப்பப்பா இதைப் பார்க்கவேண்டுமே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஊற்றில் இறங்கக்கூடாது என்று பலகை போட்டிருந்தார்கள். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்த வெறும் சட்டியொன்றால் தண்ணீரை அள்ளி மூன்று தரம் தலையில் ஊற்றினார். குளிரில் பல் கிட்டியது. நாயோடு நடந்துபோன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். இந்தச் சனத்துக்கு எதைக் கண்டாலும் வணக்கம் சொல்லத் தெரியும்.

பிறகு அப்பா ஒரு பிடி சோற்றைக் கறிகளோடு குழைத்தார். எத்தனையோ மரமும் கல்லும் இருக்க, அதைக் கொண்டுபோய் எஞ்சின் படியில் வைத்தார். காகத்தை வாய்விட்டுக் கூப்பிட அவருக்கு வெட்கம். அம்மாவோடு மரங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தேத்தண்ணியும் குடிக்காத அப்பா தன் பங்கை ஆறவைத்திருக்கிறார் என்று நினைத்து, நான் எஞ்சினுக்குள் ஏறிக் காவல் இருந்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரேயொரு காகம் வந்தது. படியில் குந்தி, தலையைச் சரித்து, சோற்றுக்குக் குனிந்தது. நான் கூவிக்கொண்டு பாய்ந்தேன். அது எழும்பி, மலைப்பக்கம் போயே போய்விட்டது.

அப்பா ஓடிவந்தார். “கலைச்சுப்போட்டியோ, பிள்ளை?”

“ஓம் அப்பா. உங்கட சோத்தைத் தின்னப் பாத்தது.”

அம்மா கையை ஓங்கினார். அப்பா பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் வெகுநேரம் காத்திருந்தோம். குருவிகூட வரவில்லை. அப்பாவின் உதடு வெடித்திருந்தது. கடைசியில் அவர் அந்தச் சோற்றை எடுத்து என் வாயில் ஊட்டினார்.

“இஞ்சேருங்கோ, அது காகத்துக்கு வைச்சதல்லோ” என்றார் அம்மா.

“இவள் திண்டால் போதும். அவருக்கு அதுதான் சந்தோசம்.”

அவர் யார் என்று கேட்க எனக்கு வாய் ஒழியவில்லை. கசந்த கீரையைத் துப்பப் பார்த்தேன். அப்பா விடவில்லை, கடைசிப் பருக்கைவரை ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிட உட்கார்ந்தார். காவல் காத்ததற்குக் கிடைத்த பரிசு என்று நான் எண்ணிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் அப்பாவின் மடியில் சாய்ந்திருந்தேன். அவர் தலைமயிர் இன்னும் ஈரமாக இருந்தது.

“எஞ்சினைப் பற்றி அப்பப்பாவுக்கு எழுதப்போறன். காகத்தைக் கலைச்சதையும் எழுதவோ?”

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஓம், எழுதம்மா” என்றார் அப்பா.

இரண்டு பக்கம் எழுதினேன். அப்பப்பாவுக்குச் சிரிப்பு வரவேண்டும் என்று காகத்தை ஒரு கோழியளவுக்குப் பெரிதாக்கினேன்.