எங்கள் வானொலியின் ஒரே நேயர்

எங்கள் வானொலிக்கு நேயர் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் அலுவலகத்திலேயே டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் மைக்கும் நானும். இன்னொன்றில் டைப் மிஷினும் டைப்பிஸ்ட் அக்காவும். மூன்றாவது ஸ்டோர் ரூம். பழைய டேப் பெட்டிகள், உடைந்த நாற்காலிகள், துடைப்பம், எதற்கு இழுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஓர் எக்ஸ்டென்ஷன் ஃபோன் எல்லாம் அங்கேதான் இருந்தன. நான் அறிவிப்பாளன். திங்கள் வேலை, புதன் உடல்நலம், வெள்ளி தெருப் பிரச்சினை என்று வாரத்தில் மூன்று நாள் காலை பத்து மணிக்கு ஒரு மணி நேரம் பேசுவேன். என் குரல் தேன் மாதிரி இருக்கும் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு வேறு யாரும் சொல்லவில்லை.

முதல் புதன்கிழமை, "உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாக்குப்படியே காத்திருந்தோம். நாற்பது நிமிடம் ஓடியது. ஒரே ஓர் அழைப்பு வந்தது. பின்சக்கரத்துக்கு டயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு முன்கோபம் அதிகம். பாட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடி அக்காவின் முன்னால் நின்றேன்.

"அக்கா, ஸ்டோர் ரூம்ல இருக்கிற ஃபோன்ல இருந்து கூப்பிட்டு ஏதாவது கேளுங்க."

"என்னத்தைக் கேக்கச் சொல்றே?"

"எதையாவது. இடுப்பு வலிக்குதுன்னு சொல்லுங்களேன்."

"எனக்கு இடுப்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்குத்தான் மானம் போகுதே!"

அக்கா போனார். இரண்டு நிமிடம் கழித்து, கேட்பவர்களுக்கே முதுகு பிடித்துக்கொள்ளும்படி ஒரு முனகலோடு ஒரு குடும்பத் தலைவி லைனில் வந்தாள். நான் அசந்துபோனேன். அன்று பிறந்த இடுப்புவலிக்காரிக்குப் பதினொரு வருடமாக வலி குறையவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு மில் தொழிலாளி பிறந்தார். கன்னத்துக்குள் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டால் அக்காவுக்கு அந்தக் கரகரப்பு வந்துவிடும். பிறகு எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கும் ஒரு மாமியார். பிறகு வாக்கியத்துக்கு நான்கு முறை 'ஆக்சுவலி' சொல்லும் கல்லூரிப் பெண். தும்மல்காரருக்காக மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். திங்களன்று ஓவர்டைம் பிரச்சினையோடு வந்த தொழிலாளி, வெள்ளியன்று தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்வார். இன்னொரு திங்களன்று வேலையே போய்விட்டது என்று அழுதார். எங்கள் ஊரில் இத்தனை விதமான மனிதர்கள் இருக்கிறார்களா என்று எனக்கே பெருமையாக இருந்தது. எல்லோரும் அந்தத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு நிகழ்ச்சியை பாட்காஸ்ட்டாகவும் ஏற்ற ஆரம்பித்தோம். முதல் மாதம் ஏழு பேர் கேட்டார்கள். அதில் நான்கு நான்.

இதற்கெல்லாம் ஒரு முறை இருந்தது. நிகழ்ச்சி நாட்களில் காலையில் நான் ஒரு சீட்டு எழுதுவேன். மேலே கேள்வி, கீழே பதில். ஒரு பிரதி அக்காவுக்கு, புதன் என்றால் இன்னொரு பிரதி டாக்டருக்கு. டாக்டர் ஓய்வு பெற்றவர், கெட்டிக்காரர், ஆனால் வீட்டில் பேச விடமாட்டார்கள் என்பதால் எங்களிடம் வந்தவர். வருவது நிஜ அழைப்பா, நம் வீட்டு அழைப்பா என்று அவருக்குத் தெரிய வேண்டுமே? அதற்கு அக்கா ஒரு வரி வைத்திருந்தார். எந்தக் குரலில் வந்தாலும், "உங்க நிகழ்ச்சியைத் தவறாமக் கேக்குறேன் டாக்டர்" என்றுதான் தொடங்குவார். உண்மையான நேயர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். அந்த வரியைக் கேட்டதும் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்து வாசிப்பார். காதுக்கு அதோடு வேலை முடிந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். கடையில் நாள் முழுக்க எங்கள் வானொலிதான். ஸ்டோர் ரூம் விஷயத்தை அக்கா அவரிடம் சொன்னதில்லை. அவராகவும் கண்டுபிடிக்கவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தியும் பெண்டாட்டியின் குரல் தெரியாத மனிதர் அவர். ஒரு திங்களன்று அக்கா சீட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெண்டாட்டி வேலைக்குப் போய்விட்டு வந்தாலும் தான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத கணவனைப் பற்றி மாமியார் குரலில் பத்து நிமிடம் பொரிந்து தள்ளினார். அன்று இரவு வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாராம், "இன்னிக்கு ரேடியோவுல ஒருத்தன் கதையைக் கேட்டேன். சரியான சோம்பேறிப் பய." சொல்லிவிட்டுத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனாராம். மறுநாள் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க அவ்வளவு ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

பதினோராவது வருடம் அக்காவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதல் மாடியில் ஒரு நிமிடம் நிற்பார். பிறகு இரண்டு நிமிடம். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "புதன்கிழமை டாக்டர் வருவாருல்ல, அவரைக் கேளு" என்றாராம். ஒரு புதனன்று படியிலேயே டாக்டரை மறித்துக் கேட்டும் பார்த்தார். பின்னால் ஏறிக்கொண்டிருந்த நான் என் காதால் கேட்டேன்.

"டாக்டர், கொஞ்ச நாளா நெஞ்சு ஒரு மாதிரி..."

"ஃபோன்ல கேளுங்கம்மா! நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். நல்ல ஜோக் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த புதன் தலைப்பு நெஞ்செரிச்சல். பத்து இருபதுக்கு இடுப்புவலிக்காரி லைனில் வந்தாள்.

"உங்க நிகழ்ச்சியைத் தவறாமக் கேக்குறேன் டாக்டர்."

டாக்டர் கண்ணாடியை மாட்டினார்.

"காலையிலருந்து நெஞ்சுல ஏதோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு டாக்டர். இடது தோள்லருந்து முழங்கை வரைக்கும் இழுக்குது. தாடை வலிக்குது. வேர்வை ஊத்துது, ஃபேனுக்குக் கீழதான் இருக்கேன். பயமா இருக்கு டாக்டர்."

சீட்டில் இருந்தது காரமும் எண்ணெயும்தான். அக்கா சொந்தமாகச் சேர்த்து அடித்து ஆடுகிறார் என்று நினைத்தேன். என்ன நடிப்பு! அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாக ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். கதவு மூடியிருந்தது.

டாக்டர் நிதானமாக வாசித்தார். "பயப்பட ஒண்ணுமில்லைம்மா. காரத்தைக் குறைச்சுக்குங்க. சாப்பிட்ட உடனே படுக்காதீங்க."

"சரிங்க டாக்டர்" என்றாள் இடுப்புவலிக்காரி. "நன்றி."

நான் பாட்டைப் போட்டேன். அந்தப் பதிவை அதற்குப் பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு எப்படி அறுபடுகிறது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். குரல்தான் பிழைப்பு என்று சொல்லிக்கொள்கிற எனக்குத் தெரியவில்லை.

பாட்டு பாதிகூட ஓடியிருக்காது. வெளி லைனின் விளக்கு எரிந்தது. டயர் கேட்கிறார்கள் என்று நினைத்து எரிச்சலோடு எடுத்தேன்.

"தம்பி, இப்ப பேசினாங்களே இடுப்புவலி அம்மா, அவங்க நம்பரைக் குடு." ஒரு பெண் குரல். பின்னால் ஏதோ மிஷின் ஓய்கிற சத்தம்.

"நீங்க யாரும்மா?"

"பிஸ்கட் கம்பெனியில பாக்கெட் போடுறேன். எங்க வீட்டுக்காரர் போனது இப்படித்தான். இதே தோளு, இதே தாடை, இதே வேர்வை. வாயுன்னு சொல்லி சோடா வாங்கிக் குடுத்தேன். அந்த டாக்டர் என்ன படிச்சாரு? அந்த அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு!"

"அவங்க நல்லாத்தான் இருப்பாங்கம்மா..."

"உனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல உக்காந்து பாத்தியா? இங்க முப்பது பேர் மிஷினை நிறுத்திட்டு ரேடியோ முன்னால உக்காந்திருக்கோம். உள்ள ஃபோன் கொண்டுவரக் கூடாதுன்னு வாசல் கேட்டுலயே வாங்கி வெச்சுடுவாங்க. சூப்பர்வைசர் கையிலருந்து பிடுங்கிப் பேசுறேன். நம்பரைக் குடுக்கிறியா, நானே கிளம்பி வரவா?"

இத்தனை வருடமும் எங்களுக்கு அழைப்பே வராத காரணம் எனக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்தது. முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் ஃபோன் இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் அதை யோசிக்க அப்போது நேரமில்லை. ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினேன். ஸ்டோர் ரூமில் அக்கா டேப் பெட்டிமேல் சாய்ந்து கிடந்தார். புடவை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. ரிசீவர் இன்னும் மடியில்தான் இருந்தது.

"அக்கா, சீட்டுல இல்லாததைச் சொன்னீங்களே, அது..."

"நெஜம்தான் தம்பி" என்றார். அதையும் இடுப்புவலிக்காரியின் குரலிலேயே சொன்னார்.

நான் கத்தியதில் டாக்டர் வந்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், நாடியைப் பிடித்த நொடியிலேயே அவர் பழைய டாக்டர் ஆகிவிட்டார். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார், வண்டிக்குச் சொன்னார். டயர் கடை ஆட்கள் நால்வர் நாற்காலியோடு அக்காவைத் தூக்கி இறக்கினார்கள். மேலே அதே பாட்டு மூன்று முறை ஓடியது. யாரும் புகார் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அடைப்பு என்றார்கள், உள்ளே கொண்டுபோனார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டபடியே ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னேன். பதினொரு வருடத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. முதலில் நம்பவில்லை. பிறகு மெதுவாக அந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இந்தப் பொம்பளைக்குப் புலம்புறதைத் தவிர வேற வேலையே இல்லைன்னு ரேடியோ சத்தத்தைக் குறைச்சேன் தம்பி" என்றார். என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அதைக்கூடச் செய்யவில்லை.

அக்கா பிழைத்தார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொன்னார்கள். அந்த அரை மணியைக் கொடுத்தவர் ஒரு பிஸ்கட் பாக்கெட்காரர்.

அவர் விடவில்லை. தினமும் மதிய இடைவேளையில் கம்பெனி கேட்டுக்கு வந்து, தன் ஃபோனை வாங்கி என்னைக் கூப்பிட்டார். "அந்த அம்மா என்ன ஆனாங்க?" நான் மூன்று வாரம் புளுகினேன். விசாரிச்சுட்டிருக்கோம், தகவல் வரலை, இப்படியே. உண்மையைச் சொன்னால் நிலையத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பயந்தேன். அக்கா மெலிந்துபோய்த் திரும்பி வந்த அன்று என் யோசனையைச் சொன்னேன்.

"இடுப்புவலிக்காரி குரல்ல ஒரு கால் போட்டு, நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்கக்கா. முடிஞ்சுது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "உசுரைக் காப்பாத்தினவகிட்டயும் பொய் சொல்லச் சொல்றியா? வெக்கமா இல்ல உனக்கு?" என்றார். பதினொரு வருடத்தில் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த புதன்கிழமை நேராக என் அறைக்குள் வந்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

மணி பத்து. சூப்பர்வைசரிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். பிஸ்கட் கம்பெனி லைனில் இருந்தது.

"நான்தான்மா அந்த இடுப்புவலிக்காரி" என்றார் அக்கா, தன் சாதாரணக் குரலில். கொஞ்சம் மெல்லிய குரல் அது. ஒலிபரப்பில் அதை யாரும் கேட்டதே இல்லை. "நான் இந்த ஆபீஸ்லதான் வேலை பாக்குறேன். எனக்கு இடுப்பு வலியே கிடையாது. மில்லுக்காரரும் நான்தான். மாமியாரும், காலேஜ் பொண்ணும் நான்தான். யாரும் ஃபோன் பண்ணலைன்னு நானே பண்ணினேன். நெஞ்சுவலி மட்டும்தாம்மா நெஜம்."

டாக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மில்லுக்காரருக்கு வேலை போச்சுன்னு சொன்னீங்களே" என்றது குரல். "அன்னிக்கு நாங்க முப்பது பேரும் சாப்பிடவே இல்ல. தெரியுமா?"

"தெரியாதும்மா."

"எங்க சூப்பர்வைசரே எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்தாரு."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிக்கிறதா? உன்னை நேர்ல பாத்தா நாலு அறை விடணும்." அவர் குரல் உடைந்தது. பிறகு நெடுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "மாத்திரை குடுத்திருக்காங்களா?"

"குடுத்திருக்காங்க."

"காலையில போட்டியா?"

அக்கா பக்கத்து அறையில் இருந்த தன் பையைத் திரும்பிப் பார்த்தார். ஒலிபரப்பை நினைத்த பதற்றத்தில் மறந்திருக்கிறார். யாருடைய குரலிலும் எதையும் தயங்காமல் சொல்லிவிடுகிற மனுஷிக்குத் தன் குரலில் ஒரு பொய் வரவில்லை.

"இன்னும் போடலைம்மா."

"எழுந்து போய் போட்டுட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

அக்கா எழுந்து போனார். என் கை வழக்கம்போல் பாட்டு பட்டனுக்குப் போனது. எடுத்துவிட்டேன். பக்கத்து அறையில் பை திறக்கும் சத்தமும், டம்ளரில் தண்ணீர் விழும் சத்தமும் ஒலிபரப்பாயின. அந்தப் பக்கம் முப்பது பேர் பேசாமல் காத்திருந்தார்கள்.