உறுமத் தெரிந்த குட்டி

அண்ணி வீட்டுச் சமையலறையில், கதவை ஒட்டிய ஆணியில், ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் முறம் தொங்கும். காணிப்பாக்கம் கோயில் தெருக் கடையில் வாங்கியது. அது எதற்கு என்று நான் கேட்டதில்லை. முறம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு புரட்டாசி மாதம், சித்தூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அண்ணி காபியோடு வந்தார். வலது கையில் டம்ளர். இடது கையில் முறம். குனிந்து, கெண்டைக்காலை மறைத்தபடி பிடித்திருந்தார். சோபாவுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று பாய்ந்து வந்து முறத்தில் மோதியது. பிளாஸ்டிக்கில் பல் உரசும் சத்தம் கேட்டது. அண்ணி நடையை நிறுத்தவில்லை, காபியும் சிந்தவில்லை. முறத்தின் விளிம்பு முழுவதும் பொடிப்பொடியான பல் தடங்கள்.

"கால மேல தூக்கி வெச்சிக்கோ தம்பி," என்றார். நான் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து காபி குடித்தேன்.

அது ஒரு பொமரேனியன் குட்டி. பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. அண்ணன் இறந்த பிறகு அண்ணி அந்த அடுக்கக வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகனுக்கு வெளிநாட்டில், குளிர் அதிகமான ஊரில் வேலை. அம்மா தனியாக இருப்பது அவனை உறுத்தியது. முதலில் ஹாலின் மூலையில் ஒரு கேமரா பொருத்தச் செய்தான். அதன் பிறகு ஆவணியில், பெங்களூரில் நாய் விற்கும் ஒருவர் மூலம் இந்தக் குட்டியை அனுப்பினான். கூடவே கழுத்துப்பட்டை, ஒரு குட்டி மெத்தை, கோழிப் படம் போட்ட தீவனப் பை. பெயரையும் அவனே வைத்திருந்தான்: மினி. அண்ணி நாய் கேட்கவில்லை. வந்ததை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. அண்ணன் உயிரோடு இருந்த காலத்திலும், எந்த ஊருக்குப் போவது, எந்தப் புடவை எடுப்பது என்பதற்கெல்லாம் "உங்க இஷ்டம்" என்ற ஒரே பதிலைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பழகிய என் கண் எல்லைகளைக் கவனிக்கும். அந்தச் சில வாரங்களில் நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டின் எல்லைகள் மாறியிருந்தன. முதலில் மினியின் மெத்தை மட்டும் அதன் இடமாக இருந்தது. பிறகு சோபாவின் அடிப்பகுதி, பிறகு சோபா, அப்புறம் ஹாலின் பாதி. அண்ணிக்கு மிஞ்சியது சமையலறை, சாமி அலமாரி, கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த படுக்கையறை. தொலைக்காட்சியை நின்றுகொண்டே பார்த்தார். நகரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவது நின்றுபோனது. நாயை யாரிடம் விடுவது? தங்கை வந்தாள், அரை மணி நேரம் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள், கிளம்பிவிட்டாள். கீழ்வீட்டுப் பெண்மணி படியில் நின்றபடியே, "அக்கா, பேருதான் மினி, பல்லு மேக்ஸி!" என்று சிரிப்பார். பால்காரர் வாசலில் நின்று, "அம்மா, புலிய கட்டிட்டியா? பால் கொண்டாரட்டா?" என்று குரல் கொடுப்பார். அண்ணியும் சிரிப்பார். கையளவு நாய்க்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்திருப்பதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பு வரத்தான் செய்யும். அதனாலேயே அதை அவர் வருத்தமாகச் சொல்ல முடியவில்லை.

தினமும் மகன் வீடியோவில் அழைப்பான். "மினிய காட்டும்மா," என்பான். அண்ணி முறத்தை ஒரு கையிலும் போனை மறுகையிலும் பிடித்துக்கொண்டு சோபாவின் அடியைக் காட்டுவார். இருட்டில் இரண்டு கண்கள் தெரியும். "சோ க்யூட்," என்பான் அவன்.

அந்தப் புரட்டாசியின் நடுவில் அது அவரைக் கடித்தது. மாடிப்படிக் குப்பை வாளியிலிருந்து ஒரு முட்டை ஓட்டைக் கவ்விக்கொண்டு ஓடி வந்து சோபாவின் அடியில் புகுந்தது. விரத வீட்டுக்குள் முட்டை ஓடு. அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, படுத்து, கையை உள்ளே விட்டார். கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாகப் பட்டது. கீழ்வீட்டுப் பெண்மணிதான் ஆட்டோ பிடித்து ஊசி போட அழைத்துப் போனார். மகன் இதைக் கேமராவில் பார்த்துவிட்டான். அடுத்த அழைப்பில் அவனிடம் கொஞ்சல் இல்லை. "போதும்மா. வித்தவன்கிட்ட பேசிட்டேன். மாசக் கடைசில வந்து எடுத்துக்கினு போயிடுவான்." அண்ணி வழக்கம்போல, "உன் இஷ்டம் நைனா," என்றார். அப்பாவை அழைக்கும் சொல்லாலேயே மகனையும் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஆனால் அன்று மாலையே எனக்கு போன் வந்தது. "தம்பி, திருப்பி அனுப்பிட்டா அத என்ன பண்ணுவாங்க?" பெங்களூரில் இருக்கும் ஒரு நண்பரிடம் விசாரித்துச் சொன்னேன். கடிக்கிற பெட்டை நாயை மறுபடி விற்க மாட்டார்கள். குட்டி போடுவதற்காகக் கூண்டிலேயே வைத்திருப்பார்கள். "கூண்டிலயேவா?" என்று கேட்டார் அண்ணி. பிறகு, "ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றார்.

கூடையை மூடிக்கொண்டு ஆட்டோவில் போனோம். கால்நடை மருத்துவர் ஒரு பெண். தெலுங்கும் தமிழுமாகப் பேசினார். நாயைத் தொடவே இல்லை. கூடையைத் தரையில் வைக்கச் சொல்லி, திறந்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மினி கூடையின் மூலையில் ஒடுங்கி உறுமியது.

"கோபம் காதும்மா. பயம்," என்றார். தெலுங்கில் 'காது' என்றால் இல்லை. "உறுமினா நீங்க என்ன பண்றீங்க?"

"வாய அமுக்கிப் புடிப்பேன். பையன் போன்ல பாத்துட்டு அப்படித்தான் செய்யச் சொன்னான்."

"அத நிறுத்துங்க. உறுமறது நல்லது. எனக்கு முடியல, கிட்ட வராதேன்னு வாய் தொறந்து சொல்லுது. அந்த வாய மூடிட்டா, அடுத்த தடவ சொல்லாமலே கடிக்கும்." பிறகு கேட்டார்: "எப்பத்திலிருந்து இப்படி?"

"புரட்டாசி பொறந்த அப்புறம்தான். ஆவணில மடியிலயே தூங்கும்."

"என்ன சாப்பாடு போடறீங்க?"

"தயிர் சோறு."

"ஆவணில?"

"தெனம் ஒரு முட்ட. அந்தப் பைல வந்த தீனி."

"ஏன் நிறுத்தினீங்க?"

அண்ணி என்னைப் பார்த்தார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "புரட்டாசிம்மா," என்றார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். புரட்டாசி பிறந்தால் வீட்டைக் கழுவி, அசைவப் பாத்திரங்களை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றுவது எங்கள் குடும்பங்களில் யோசித்துச் செய்யும் காரியம் அல்ல. அண்ணியும் அப்படித்தான் தீவனப் பையைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு, முட்டையை நிறுத்தியிருக்கிறார். வளர்கிற குட்டி பசியில் படிக்கட்டுக் குப்பையில் கிடைத்ததைக் கவ்வி வந்திருக்கிறது. எலும்புத் துண்டோ முட்டை ஓடோ, ஒவ்வொரு முறையும் அண்ணி அதன் தாடையைப் பிரித்து, விரலை விட்டுப் பிடுங்கி எறிந்துவிட்டு, தரையைக் கழுவியிருக்கிறார். வாயில் எதை வைத்திருந்தாலும் ஒரு கை வந்து பிடுங்கும் என்று குட்டி கற்றுக்கொண்டது. கை வரும் வழியிலேயே அதைத் தடுக்கவும் கற்றுக்கொண்டது. செருப்பைக் காத்தது. வெறும் தட்டைக் காத்தது. கடைசியில் சோபாவைக் காத்தது.

"பசிய முதல்ல தீத்து வைங்க," என்றார் மருத்துவர். "அப்புறம், அதுங்கிட்டேர்ந்து ஒண்ணு எடுக்கணும்னா, அத விட நல்லது ஒண்ண குடுத்துட்டு எடுங்க. தட்டுக்கிட்ட உங்க கை போனா, போடறதுக்குத்தான் போகணும்."

ஆட்டோவில் அண்ணி கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மணமாகி வந்த நாள் முதல் அவர் விடாத விரதம் புரட்டாசி. அண்ணன் போன பிறகு இன்னும் இறுக்கமாகப் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்து கூடையை வைத்துவிட்டு, கை கழுவி, சாமி அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி, "விரதம் எனக்குத்தான தம்பி? அது எந்தச் சாமிக்கு வேண்டிக்கினு வந்துச்சு?" என்றார்.

மறுநாள் காலை பால்கனியில் ஒரு சிறிய மின்னடுப்பு வந்தது. அந்தப் பால்கனியிலிருந்து திருமலை முழுதாகத் தெரியும். அண்ணி மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முட்டை அவித்தார். உரித்து, சிறு துண்டுகளாக்கி, குட்டிக்கு எறிந்துவிட்டு, தலைக்குக் குளித்து, அதன் பிறகே விளக்கேற்றினார். தினமும் இதே ஒழுங்கு. முதலில் தூரத்திலிருந்து எறிந்தார். அப்புறம் கொஞ்சம் கிட்டேயிருந்து. நடுவில் ஒருநாள் அவசரப்பட்டுக் கிட்டே போய், மறுபடி முறத்தைத் தேட வேண்டி வந்தது. மினி உறுமினால் நின்றுவிடுவார். "சரி, வரல," என்று அதனிடம் சொல்வார். அந்த வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றதும் மற்றவர் நின்றதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மாதக் கடைசியில் பெங்களூர் ஆள் வந்தார். நானும் இருந்தேன். மினி ஒரு செருப்போடு சோபாவின் அடியில் இருந்தது. அவர் குனிந்து பட்டையைப் பிடிக்கப் போனார், அது உறுமியது. "இது திருந்தாது மேடம், ஒரு துணி குடுங்க, சுத்திப் புடிச்சிடறேன்," என்றார். அண்ணி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். முறம் ஆணியிலேயே இருந்தது. வெறுங்காலோடு போய்த் தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டு முட்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். உறுமல் நின்றது. செருப்பை விட்டுவிட்டு மினி வெளியே வந்தது. முட்டையைத் தின்றது. போகாமல் அவர் கையை நக்கிக்கொண்டு நின்றது, தழும்பு இருந்த இடத்தில்.

அண்ணி அந்த ஆளைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார். "குடுக்க மாட்டேன்டா," என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது. அவ்வளவுதான்.

அதன் பிறகு நகரிக்குப் போகும் பஸ்ஸில் மினியும் கூடையில் போனது. சோபாவில் இருவரும் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள்.

போன வருஷம் மகன் வந்து அண்ணியைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டான். அன்புள்ள பையன்தான், தனியாக விட மனமில்லை. அவன் குடியிருக்கும் இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. மினி சித்தூரில் என் வீட்டுக்கு வந்தது. அதன் சாமான்களோடு அந்த முறத்தையும் அண்ணி பையில் வைத்திருந்தார்.

இப்போது மறுபடி புரட்டாசி. என் வீட்டிலும் விரதம். கொல்லைப்புறத்தில் தனி அடுப்பில் தினமும் ஒரு முட்டை வேகிறது. இன்று காலை அண்ணி வீடியோவில் அழைத்தார். "துன்னுச்சா?" என்று கேட்டார். மினியைக் காட்டினேன். "அந்த மொறம் கீதா?" என்றார். ஆணியிலிருந்து எடுத்துக் காட்டினேன். விளிம்பைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, பல் தடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் மூடிய சன்னல், அதற்கு வெளியே பனி.

"எப்படி இருக்கீங்க அண்ணி?" என்றேன்.

"நல்லாத்தான் வெச்சிக்கினு இருக்காங்க தம்பி. வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திர. வெளிய போணும்னா கார் வேணும், அவன் வரணும்." என் கையிலிருந்த முறத்தை மறுபடி பார்த்தார். "எனக்கு உறுமத்தான் தெரியல."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "தோ வரேன்," என்று அவர்களுக்கும், "வெச்சிடறேன்" என்று எனக்கும் சொன்னார். திரை இருண்டது. குரல் வந்த இடத்தை மினி முகர்ந்து பார்த்தது. நான் முறத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.